எஸ்.பி.எம். முடித்த முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கையேடு: எதை எழுத, எதை விட?

பத்தாங்கட்டை எழுதியது:

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் படிவம் 5 (எஸ்.பி.எம். தேர்வு எழுதும் ஆண்டு) வகுப்புக்கு ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். தமிழில், 40 பக்கத்துக்குள். பிள்ளைகளோடு வீட்டில் இருப்பவர்களும் படிக்க வேண்டும். 22 பிள்ளைகள், எவர் வீட்டிலும் இடைநிலைப்பள்ளியைத் தாண்டியவர் இல்லை. பெற்றோருக்குச் செம்பனைத் தோட்டம், தொழிற்சாலை, லாரி, செக்கூரிட்டி என்று வேலை.

இதுவரை எழுதி முடித்தது: என்னென்ன துறைகள் உண்டு, எந்தப் பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது, சாதித்த நான்கு பேரைப் பற்றி நான்கு பக்கம். திரும்பப் படித்துப் பார்த்தால் இதனால் ஒரு பிள்ளைகூட இடம் விட்டு நகராது என்றுதான் தோன்றுகிறது.

தேர்வு முடிந்த நாளிலிருந்து பதிவு நாள் வரை பிள்ளைகள் எங்கே கழன்றுகொள்கிறார்கள்? படிவம் 6-ஐ (பள்ளியிலேயே தொடர்ந்து எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதும் வழி) சொல்வதா, டிப்ளோமாவைச் சொல்வதா? கையில் எவ்வளவு பணம், எப்போது வேண்டும்? பெற்றோருக்கு நல்ல தமிழில் எழுதுவதா, பாரத்தில் இருக்கும் மலாய்ச் சொல்லையே போடுவதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நீலக்கோப்பு எழுதியது:

நீங்கள் 'சார்'-ஆ, டீச்சரா தெரியவில்லை, டீச்சர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

சாதித்தவர்கள் பக்கத்தை எடுத்துவிடுங்கள் டீச்சர். அந்த நான்கு பக்கமும் ஆவணக் கோப்பைப் பற்றி எழுத வேண்டும்.

கடைசிப் பேப்பர் எழுதிய மறுவாரமே பிள்ளை வேலைக்குப் போய்விடும். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). நான்கு மாதம் அந்தப் பணம் வீட்டுக்கு வந்து பழகிவிடுகிறது. அப்புறம் ரிசல்ட் வருகிறது, கடிதம் வருகிறது. கடிதம் பணம் கொடுக்காது, பணம் கேட்கும். அப்பா வேண்டாம் என்று சொல்வதே இல்லை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார். அந்த அடுத்த வருஷம் பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே கையேட்டின் முதல் பாதி, ரிசல்ட்டுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைகளாக இருக்கட்டும்.

20 பை உள்ள பிளாஸ்டிக் கோப்பு ஒன்று. உள்ளே: பிறப்புப் பத்திரம், பிள்ளை, அப்பா, அம்மா மூவரின் மைகாட் (அடையாள அட்டை) நகல், பெற்றோரின் திருமணப் பத்திரம், அங்கா கிலிரான் (தேர்வு எண்) உள்ள எஸ்.பி.எம். சிலிப்பு, பள்ளி விடுகைச் சான்றிதழ், கோக்கு (புறப்பாட நடவடிக்கை) சான்றிதழ்கள் அத்தனையும், பெற்றோரின் கடைசி மூன்று மாதச் சம்பளச் சிலிப்பு, எஸ்.டி.ஆர். (குறைந்த வருமானக் குடும்பத்துக்கான அரசாங்க உதவித்தொகை) கிடைக்கிறது என்பதைக் காட்டும் அச்சு, பாஸ்போர்ட் அளவுப் படம் எட்டு. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நகல், அதில் மூன்று உறுதிப்படுத்திய நகல். பள்ளியை விட்டு வெளியேறுவதற்கு முன்பே, தலைமையாசிரியரிடம் ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் முத்திரை வாங்கிவிட வேண்டும். பள்ளி விடுமுறையில் இதே முத்திரைக்கு மூன்று இடம் அலைய வேண்டிவரும்.

தினக்கூலிக்கும் குத்தகைக்கும் போகிற பெற்றோரிடம் சம்பளச் சிலிப்பு இருக்காது. அவர்களுக்கு வருமான உறுதிக் கடிதம் வேண்டும். கெத்துவா கம்போங்கோ (கிராமத் தலைவர்) பெங்குலுவோ (வட்டாரத் தலைவர்) கையெழுத்திட வேண்டியிருக்கும். சில இடங்களில் சத்தியப் பிரமாண ஆணையர் முத்திரை கேட்பார்கள். யார் கையெழுத்து செல்லும் என்பது ஒவ்வொரு பாரத்தின் அடியிலும் சிறிய எழுத்தில் இருக்கும். அந்த வரியை முதலில் படிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

இன்னும் இரண்டு. பெயர்: பிறப்புப் பத்திரத்தில் இருக்கிற எழுத்துக்கூட்டல் மைகாட்டிலும் தேர்வுப் பதிவிலும் அப்படியே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். தேர்வுக்குப் பதியும்போது பள்ளி ஒரு தாளைக் காட்டிக் கையெழுத்து வாங்கும். திருத்த வேண்டிய நேரம் அதுதான். பிள்ளைகள் பார்க்காமல் போட்டுவிட்டு வருவார்கள்.

தொலைபேசி எண்: பிரிபெய்ட் சிம்மில் காசு போடாமல் விட்டால் எண் செத்துவிடும். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு அந்தச் செத்த எண்ணுக்குப் போகும். நிலையான எண் ஒன்று, அம்மாவுடையது இன்னொன்று என்று எழுதச் சொல்லுங்கள். மின்னஞ்சல் முகவரியில் பிள்ளையின் பெயர் மட்டும் இருக்கட்டும், செல்லப்பெயர் வேண்டாம். கடவுச்சொல் கைப்பேசியில் மட்டும் இருந்தால் கைப்பேசி உடைகிற அன்று எல்லாம் போச்சு. கோப்பின் கடைசிப் பையில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பழைய கிராணி எழுதியது:

நீலக்கோப்பு சொன்னதற்கு மேல் கணக்கு மட்டும் சொல்கிறேன்.

முதலில், கதவு ஒன்றல்ல. யு.பி.யு.வில் (அரசாங்க உயர்கல்விக்கான பொது விண்ணப்பத் தளம்) விண்ணப்பித்துவிட்டால் எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்தாகிவிட்டது என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். யு.பி.யு. வழியாக அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் அசாசி (பட்டப்படிப்புக்கு முந்தைய அடித்தளப் படிப்பு), டிப்ளோமா, போலிடெக்னிக், கோலேஜ் கொமுனிட்டி (சமூகக் கல்லூரி). மெட்ரிகுலேசிக்கு (அதுவும் பட்டப்படிப்புக்கு முந்தைய படிப்பு) தனி விண்ணப்பம். ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்குத் தனி. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு யு.பி.டிவெட் என்று தனி. படிவம் 6 இன்னொரு வழி. ஐந்துக்கும் ஐந்து தேதி. கையேட்டில் ஒரு பக்கத்தை இந்த ஐந்துக்கும் கட்டம் போட்டு, தேதியை மட்டும் காலியாக விட்டு அச்சடியுங்கள். ஒவ்வொரு ஆண்டும் பென்சிலால் எழுதிக்கொள்ளட்டும். தேதியை அச்சில் போட்டால் அடுத்த ஆண்டு அந்தப் பக்கமே ஆளைக் கவிழ்க்கும்.

யு.பி.யு.வில் இரண்டு முறை உள்ளே போக வேண்டும். ரிசல்ட்டுக்கு முன்னால் ஒருமுறை விண்ணப்பம். வந்தபின் மறுபடி நுழைந்து, கிடைத்த கிரேடுக்குத் தகுந்தபடி தேர்வுகளை மாற்றி அனுப்ப வேண்டும். முதல் முறையோடு விட்டுவிடுகிறவர்கள் நிறைய. இன்னொன்று, கடைசிப் பொத்தானை அழுத்தாமல் சேமித்துவிட்டு வெளியே வருவது. அனுப்பியதற்கான அச்சை எடுத்துக் கோப்பில் போட்டால்தான் விண்ணப்பம் முடிந்தது என்று கணக்கு.

யு.பி.யு. விண்ணப்பத்தில் 12 தேர்வுக்கு இடம் இருக்கிறது. 12-ஐயும் நிரப்ப வேண்டும். முதல் மூன்று ஆசைக்கு, அடுத்த ஐந்து மெரிட் (இடம் கொடுக்கப் பார்க்கும் மொத்த மதிப்பெண்) எட்டக்கூடிய இடத்துக்கு, கடைசி நான்கு நிச்சயத்துக்கு; போலிடெக்னிக் இங்கே வரலாம். ஈப்போவில் உங்கு ஓமார் இருக்கிறது, 1969-ல் தொடங்கிய நாட்டின் முதல் போலிடெக்னிக். பேராங்கில் சுல்தான் அஸ்லான் ஷா இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில்தான் வேண்டும் என்று இரண்டே இரண்டை நிரப்பிவிட்டு, கிடைக்கவில்லை என்று உட்கார்ந்திருப்பதைவிட இது மேல். ஒவ்வொரு துறைக்கும் சிறப்புத் தகுதி என்று கீழே ஒரு பகுதி உண்டு. மின்சாரம், மின்னணு சார்ந்த சில துறைகளுக்கு நிறக்குருடு இருக்கக் கூடாது. ரிசல்ட்டுக்கு முன்பே கண்ணைச் சோதித்துக்கொண்டால் ஓர் இடம் வீணாகாது.

மெரிட்: கல்விக்கு 90, கோக்குக்கு 10. எஸ்.டி.பி.எம். பிள்ளைக்குப் போட்டுக் காட்டுகிறேன், புரிய எளிது. பி.என்.ஜி.கே. (நாலுக்குக் கணக்கிடும் சராசரிப் புள்ளி) 3.50. நாலால் வகுத்து 90-ஆல் பெருக்கினால் 78.75. கோக்கு 9 என்றால் மொத்தம் 87.75. கோக்கு 5 என்றால் 83.75. அந்த நான்கு மதிப்பெண்ணைப் படித்தே ஈடுகட்ட வேண்டுமானால் பி.என்.ஜி.கே. 3.68-க்கு ஏற வேண்டும். மதியப் பேருந்து போய்விடும் என்று கோக்குக்கு நிற்காமல் வந்த பிள்ளை கட்டுகிற விலை இதுதான். கோக்குவில் வருகை, பதவி, பங்கேற்பு, சாதனை என்று பிரித்துப் போடுகிறார்கள். சாதனைக்கு ஓடிக் குதிக்க வேண்டும். வருகைக்கும் செயலவைப் பொறுப்புக்கும் கேட்டு வாங்கினால் போதும். சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு மூன்றிலும் படிவம் 4 தொடக்கத்திலேயே இடம் பிடிக்க வேண்டும். சான்றிதழ் வீட்டுச் சுவரில் தொங்கினால் மதிப்பெண் வராது. ஆசிரியரிடம் நகல் கொடுத்து, அவர் கணினியில் ஏற்றினாரா என்று கேட்டுவிட்டு வர வேண்டும்.

உங்கள் 22 பேரும் படிவம் 5 என்பதால் இதில் பாதிக்கு நேரம் கடந்துவிட்டது. அதனால் கையேட்டைப் படிவம் 3 பிள்ளைகள் வீட்டுக்கும் கொடுங்கள். பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கிற நேரம் அதுதான். கணிதம் கஷ்டம் என்று மத்தேமதிக் தம்பாஹானை (கூடுதல் கணிதம்) விட்டுவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து பொறியியல் கேட்கிறார்கள். பாஷா தமிழ் எடுக்காத பிள்ளைக்குத் தமிழாசிரியர் என்ற வழியே கிடையாது. 10ஏ எடுத்தால் எந்த இனமானாலும் மெட்ரிகுலேசி உண்டு என்று 2024-ல் அரசாங்கம் அறிவித்தது; ஒன்பது பாடம் எழுதுகிற பிள்ளை எப்படி 10ஏ எடுக்கும்? தமிழ் இலக்கியத்தைச் சேர்த்து எழுதுவதா என்ற முடிவு படிவம் 4-லேயே எடுக்கிற முடிவு.

ஒற்றையடி எழுதியது:

படிவம் 6-ஆ டிப்ளோமாவா என்பதற்கு ஊரில் ஒரே பதிலாகச் சொல்கிறார்கள்: "எஸ்.டி.பி.எம். கஷ்டம், வேண்டாம்." பாதி உண்மைதான்.

படிவம் 6 ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். பொதுக்கல்வியான பெங்காஜியான் ஆம் உட்பட நான்கு பாடம் போதும். வீட்டிலிருந்தே போகலாம், கல்லூரிக் கட்டணம் இல்லை. முதல் இரண்டு பருவத்தில் சறுக்கிய பேப்பரைத் திரும்ப எழுத வழி இருக்கிறது; இது பல பெற்றோருக்குத் தெரியாது. தமிழும் ஒரு பாடமாக உண்டு. முடித்தால் நேராகப் பட்டப்படிப்பு. தவறு எங்கே நடக்கிறது என்றால், முதல் பருவத்தை விளையாட்டாக விட்டுவிட்டு மூன்றாவதில் எழுந்து உட்காருகிறார்கள். மூன்று பருவமும் சேர்ந்துதான் பி.என்.ஜி.கே. மூயெட் ஆங்கிலத் தேர்வையும் தள்ளிப்போடுகிறார்கள். அது இல்லாமல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பமே நகராது.

டிப்ளோமா இரண்டரை, மூன்று ஆண்டு. கையில் தொழில் இருக்கும், நடுவில் நின்றாலும் முழுக்க வீணில்லை. கணக்கும் ஆங்கிலமும் சுமாராக இருந்து, கைவேலையில் சுறுசுறுப்பாக இருக்கிற பிள்ளையைப் படிவம் 6-க்குத் தள்ளுவது பாவம்.

நான் சொல்வது: ஏழெட்டு கிரெடிட் (சி கிரேடும் அதற்கு மேலும்) உள்ள பிள்ளை வீட்டில் பணமே இல்லை என்றால் படிவம் 6. மூன்று நான்கு கிரெடிட் என்றால் போலிடெக்னிக். எதுவானாலும் யு.பி.யு. முடிவு வரும்வரை சும்மா உட்கார வேண்டாம், படிவம் 6-ல் போய்ச் சேரச் சொல்லுங்கள். வேறு இடம் கிடைத்தால் விட்டுவிட்டுப் போகலாம். சீருடை மாட்டி எழுந்து போகிற பழக்கம் அறுந்தால் திரும்ப ஒட்டாது.

பாஷா மலேசியாவில் (மலாய்மொழிப் பாடம்) கிரெடிட் இல்லாத பிள்ளைக்கு மேலே சொன்ன வழிகளில் முக்கால்வாசி அடைப்பு. அதுவும் சரித்திரமும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. சரித்திரத்துக்கு இந்த விதி 2013-லிருந்து. இந்த இரண்டையும் மறுதேர்வாக எழுதலாம் என்பதை ஒரு பெட்டி கட்டிப் பெரிய எழுத்தில் போடுங்கள். பாடத்துக்குத் துணை வேண்டுமானால் ஸ்ரீ முருகன் நிலையத்தின் வகுப்பு பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வரலாற்று விரிவுரையாளர் தம்பிராஜா 1982-ல் தொடங்கியது. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகவே.

சில்லறை எழுதியது:

பணம்.

பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடனை எல்லாரும் எழுதுவார்கள், அது எப்போது கைக்கு வரும் என்பதை யாரும் எழுதுவதில்லை. பதிவுக்குப் பிறகு வாரக் கணக்கில் ஆகும், சில நேரம் இரண்டு மாதம். அதற்குள் பதிவுக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் கைக்காசு. போலிடெக்னிக்கில் ஒரு பருவத்துக் கட்டணம் 200 வெள்ளிதான், பயமுறுத்துவது அதில்லை. சாப்பாடு ஒரு நாளைக்கு 15 வெள்ளி போட்டாலும் இரண்டு மாதத்துக்கு 900. மெத்தை விரிப்பு, வாளி, காலணி, சட்டை, பேருந்து எல்லாம் சேர்த்தால் 2,000 வெள்ளிக்குக் குறைந்து வைத்துக்கொள்ளாதீர்கள். பல்கலைக்கழகம் என்றால் பதிவுக் கட்டணம் தனி.

எங்கிருந்து வரும்? பிள்ளை வேலைக்குப் போகிற அந்த நான்கு மாதத்தில் மாதம் 400 எடுத்து வைத்தால் 1,600. வேலைக்குப் போகாதே என்று சொல்வதைவிட இதைச் சொன்னால் வீட்டில் கேட்பார்கள். அரசாங்க உயர்கல்விக் கழகம் என்றால் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு பி.டி.பி.டி.என். முன்பணம் 1,500 வெள்ளி வரை உண்டு, பின்னால் கடனில் கழித்துக்கொள்வார்கள். பதிவு நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இதற்கும் கடனுக்கும் எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு வேண்டும், 20 வெள்ளியில் திறக்கலாம். ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே திறந்துவிடுங்கள். எஸ்.டி.ஆர். வாங்குகிற குடும்பத்துக்குக் கடன் உச்ச வரம்பில் கிடைக்கும், அதனால்தான் அந்த அச்சு கோப்பில் இருக்க வேண்டும் என்கிறார் நீலக்கோப்பு.

உடல் பரிசோதனை பாரத்தை மறக்க வேண்டாம். மார்பு எக்ஸ்ரே கேட்டிருந்தால் கிளினிக்கில் ஒரு நாள், எக்ஸ்ரேவுக்கு இன்னொரு நாள். கூட வருகிற அப்பாவுக்கு இரண்டு நாள் சம்பளம் போகும். கடிதம் வந்த அன்றே தேதி வாங்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர் என்பதால் இது: சுங்கை சிப்புட்காரரான, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா பாட்டி பங்கு வாங்கியிருக்கலாம். பழைய டிரங்குப் பெட்டியில் பங்குப் புத்தகம் கிடக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். இறந்தவர் பெயரில் இருந்தால் பெயர் மாற்றிவிட்டு, உறுப்பினர் குடும்பத்துக்குக் கல்வி உதவி என்ன இருக்கிறது என்று சங்கத்தில் கேட்கலாம். ம.இ.கா. கட்சியின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. கொடுப்பதும் உண்டு, ஆனால் அது கடன். உபகாரச் சம்பளம் என்று பெற்றோர் நினைத்துவிடக் கூடாது.

பத்தாங்கட்டை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர்தான். சாதித்தவர்கள் பக்கம் போய்விட்டது.

இன்னும் இரண்டு சந்தேகம். எஸ்.பி.எம். முடிந்ததும் தனியார் கல்லூரி முகவர்கள் தோட்டத்துக்கே வந்துவிடுகிறார்கள், லேப்டாப் இலவசம் என்று. பெற்றோரிடம் என்ன சொல்வது? மைகாட் இல்லாத பிள்ளைகளுக்கு ஏதாவது வழி?

நீலக்கோப்பு எழுதியது:

முகவரிடம் கேட்க மூன்று கேள்வி. ஒன்று, துறையின் முழுப் பெயரும் எம்.கியூ.ஏ. (படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அரசாங்க அமைப்பு) பதிவு எண்ணும். எண்ணை எம்.கியூ.ஏ. பதிவேட்டில் தேடினால் கல்லூரியின் பெயரும் துறையின் பெயரும் அப்படியே வர வேண்டும். கல்லூரிக்கு அங்கீகாரம் இருந்து துறைக்கு இல்லாமல் போகும். இரண்டு, இந்தத் துறைக்கு பி.டி.பி.டி.என். உண்டா, கட்டணத்தில் எவ்வளவு அடங்கும், மீதியை யார் கட்டுவது. மூன்று, இது டிப்ளோமாவா, திறன் சான்றிதழா. எஸ்.கே.எம். என்ற திறன் சான்றிதழில் மூன்றாம் நிலையைப் படித்துவிட்டு டிப்ளோமா என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. எஸ்.கே.எம். மட்டம் என்று சொல்லவில்லை, நல்ல மெக்கானிக்குக்கு அது போதும். தெரிந்து சேர வேண்டும், அவ்வளவுதான். இலவச லேப்டாப்பின் விலை கட்டணத்தில் இருக்கும். அன்றைக்கே பதிவுப் பணம் கட்டச் சொன்னால் கட்ட வேண்டாம். மைகாட்டையும் அசல் சான்றிதழையும் யார் கையிலும் கொடுக்க வேண்டாம்.

மைகாட் விஷயம் கையேட்டில் ஒரு பத்தியில் அடங்காது. கோயிலில் தாலி கட்டிவிட்டு, திருமணத்தைப் பதியாமல் இருந்து, தாய் குடியுரிமை இல்லாதவராகவும் இருந்தால் பிள்ளைக்குச் சிக்கல் வருகிறது. 1982 மார்ச்சிலிருந்து திருமணப் பதிவு கட்டாயம் என்பது இன்னும் பல வீட்டில் தெரியாது. பிறகு பதிந்தாலும், பிறப்புக்கு முன்னால் பதிந்ததாக ஆகாது. வயது குறைவாக இருக்கும்போது அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். 18 வயது முடிவதற்குள் கோப்பு உள்ளே போயிருக்க வேண்டும். படிவம் 5-ல் கண்டுபிடித்தால் நேரம் மிக நெருக்கம். ஆகவே தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பெற்றோர் கூட்டத்திலேயே பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கச் சொல்வது நல்லது. இப்போது கையில் இருக்கிற பிள்ளைக்கு, விஷயம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்காமல் பாரத்தை நிரப்ப வேண்டாம். தப்பாக நிரப்பிய பாரம் ஆண்டுக் கணக்கில் கிடந்துவிட்டுத் திரும்பும்.

ஒற்றையடி எழுதியது:

மொழியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

வாக்கியம் தமிழாக இருக்கட்டும், பெயர் பாரத்தில் உள்ளபடியே இருக்கட்டும். "வாய்ப்புக் கடிதம் வந்ததும்" என்று எழுதினால் அம்மாவுக்குப் புரியும், ஆனால் மேசைமேல் கிடக்கிற கடிதத்தின் தலையில் சுராட் தவாரான் என்று இருக்கும். இரண்டும் ஒன்றென்று அவருக்கு யார் சொல்வது? "சுராட் தவாரான், அதாவது இடம் கிடைத்த கடிதம்" என்று முதல் முறை எழுதுங்கள், அப்புறம் சுராட் தவாரான் மட்டும் போதும். ராயுவான் (மேல்முறையீடு), கெமாஸ்கினி (விவரம் புதுப்பித்தல்), பெங்காகுவான் பெண்டாபாத்தான் (வருமான உறுதி), எல்லாமே இப்படித்தான். கடைசிப் பக்கத்தில் இந்தச் சொற்கள் ஒரு 25 போட்டால் அதைத்தான் அதிகம் புரட்டுவார்கள்.

"நீங்கள் உங்கள் பிள்ளையை ஊக்குவிக்க வேண்டும்" மாதிரி வாக்கியங்களை ஒரு சிவப்பு மையால் அடித்துக்கொண்டே போங்கள். பெற்றோர் செய்யக்கூடிய வேலையாக மாற்றுங்கள்: "மே தினத்துக்குள் சம்பளச் சிலிப்பு மூன்றை எடுத்து வையுங்கள்" என்கிற மாதிரி. சத்தமாக வாசித்துக்காட்டிப் பாருங்கள்; மூச்சு முட்டுகிற இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள்.

பெண்பிள்ளையை வெளியூருக்கு அனுப்பத் தயங்குகிற வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அங்கே அறிவுரை வேண்டாம், விவரம் வேண்டும்: விடுதி வளாகத்துக்குள்ளா வெளியிலா, இரவு எத்தனை மணிக்குக் கதவு அடைப்பார்கள், வார்டன் எண், சுங்கை சிப்புட் ஸ்டேஷனிலிருந்து எந்த ரயில், இறங்கி எந்தப் பேருந்து, ஒரு வழிக்கு எவ்வளவு. பதிவு நாளுக்கு முன்னால் அம்மாவையும் ஒருமுறை கூட்டிக்கொண்டுபோய் அந்தக் கட்டடத்தைக் காட்டிவிட்டால் பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

பத்தாங்கட்டை எழுதியது:

சரி. ஐந்து கதவுக் கட்டத்தையும் கோப்புப் பட்டியலையும் இந்த வாரம் முடிக்கிறேன். 25 சொல் பட்டியலை இங்கே போடுகிறேன், விட்டதைச் சொல்லுங்கள். பழைய கிராணி, படிவம் 3-க்கென்று தனியாக எட்டுப் பக்கம் பிரித்துவிடலாமா, இல்லை ஒரே புத்தகமாக இருக்கட்டுமா?

பழைய கிராணி எழுதியது:

தனியாகப் பிரியுங்கள். 40 பக்கத்தைப் பார்த்தால் படிவம் 3 வீட்டில் "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே" என்று அலமாரியில் வைத்துவிடுவார்கள். எட்டுப் பக்கம், நடுவில் பின் அடித்து, அட்டையில் பாடத் தொகுப்பு முடிவு செய்யும் மாதத்தை மட்டும் காலியாக விட்டு.